தெற்கு வாசல் வீட்டுக்காரன்

செய்தி வந்த நேரத்தில் நான் சேதுவின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது, நடந்தது அதுதான். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். வியாழனன்று பெய்த பனி தெருவிலிருந்து கராஜுக்குக் கார் ஏறுகிற என் வீட்டு டிரைவ்வேயில் பாறையாக உறைந்து கிடந்தது. அரை மணி நேரமாக அதை இடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே சேதுவின் வீடு. அவன் டிரைவ்வே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் கறுகறுவென்று வெயிலில் காய்ந்து கிடந்தது. இத்தனைக்கும் வீட்டில் ஆள் இல்லை. மகன் அருண் காலேஜில். அவனும் அவன் மனைவி வசந்தாவும் கலிபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிற அவன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கே வெயில் வந்து வேலை செய்து கொடுத்துவிட்டுப் போகிறது, இங்கே ஒருவன் முதுகு ஒடிய நிற்கிறேன் என்று வயிறு எரிந்தது. இந்நேரம் அங்கே அரைக்கைச் சட்டையோடு வாக்கிங் போய்க்கொண்டிருப்பான், கொடுத்து வைத்த பயல் என்றும் நினைத்தேன்.

கராஜ் பக்கமிருந்து என் மனைவி சரசு கார்ட்லெஸ் போனோடு ஓடி வந்தாள். செருப்புகூடப் போடாமல் ஐஸில் நின்றாள். "ஏனுங்க, வசந்தா பேசறா. நீங்களே கேளுங்க" என்று போனை என் கையில் திணித்தாள்.

வசந்தா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணா, அவர் வாக்கிங் போயிட்டு வந்தார். சோபால உக்காந்து ஷூ லேஸ் அவுத்துக்கிட்டிருந்தார். காபி வேணுமான்னு கேட்டேன். பதில் இல்ல. திரும்பிப் பாத்தா சாஞ்சிருந்தார். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியலைன்னுட்டாங்க." சேதுவுக்கு நாற்பத்தேழு வயது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் டிரைவ்வேயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் சித்திரை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், நீங்கள்தானே அவருக்கு நெருங்கிய நண்பர் என்று கேட்டார்கள். உங்களில் அவனைத் தெரியாதவர் யாருமில்லை. விருந்தென்றால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் நடந்தவன். புதிதாக வந்த குடும்பத்துக்கு டிரைவிங் டெஸ்ட்டுக்குத் தன் காரைக் கொடுத்தவன். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். பத்து வருடம் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த சேதுவை நான் எழுதுகிறேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது. அவனுக்குப் பெருமை சேர்க்கிறதோ இல்லையோ, எனக்குச் சேர்க்காது. பரவாயில்லை, படியுங்கள். எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவன் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் செப்டம்பரில் இந்த வீடுகளை வாங்கினோம். அதற்கு முன் இருவரும் ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்தோம், அவன் மாடியில், நான் கீழே. அவன் மதுரைக்காரன். இங்கே வருவதற்கு முன் பஃபலோவில் இரண்டு வருடம் படித்தவன். கூரை வரைக்கும் பனி ஏறிக் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியே வெளியே குதித்த கதையெல்லாம் சொல்வான். நான் பாதிதான் நம்புவேன். கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து சென்னைக்குப் போய், சென்னையிலிருந்து நேராக நியூஜெர்சிக்கு வந்தவன் நான். அபார்ட்மென்டில் விடிவதற்குள் வண்டி வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போய்விடும். பனி என்பது எனக்கு ஜன்னல் வழியே பார்த்து போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிற சமாச்சாரம், அவ்வளவுதான்.

புதிதாகப் போட்ட தெருவில் இரண்டே வீடுகள் மிச்சமிருந்தன. ஒன்றுக்கொன்று நேர் எதிர், ஒரே பிளான். ஒன்று வடக்கு பார்த்தது, மற்றது தெற்கு பார்த்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பேரும் போய்ப் பார்த்து, யாருக்கு எது என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த வாரம் என் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அப்பாவுக்கு மனையடி சாஸ்திரம் தலைகீழ்ப் பாடம். "வடக்கு வாசல் குபேரன் வாசல், கண்ண மூடிட்டு எடு. தெற்கு எமன் திசை. அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதே" என்று அந்த டிரங்க் கால் இரைச்சலிலும் கத்தினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினொரு மணிக்கு என்று பேசியிருந்தவன், ஒன்பது மணிக்கு வீடு விற்கிறவர்களின் ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் போய் நின்றேன். சேது வருவதற்குள் வடக்கு வாசல் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். அவன் வந்ததும், "எனக்கு இந்த வீட்டைத்தான் எழுதி வச்சிருக்காங்கடா. மாத்த முடியாதாம்" என்று வாய் கூசாமல் ஒரு பொய். சேது நடுத்தெருவில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சூரியனைப் பார்த்தான். அந்த வீட்டைப் பார்த்தான், இந்த வீட்டைப் பார்த்தான். "அதுக்கென்ன மாப்ள, நான் எதிர் வீட்டை எடுத்துக்கறேன். நீ ஜன்னலத் திறந்தா என் மூஞ்சிதான்" என்று சிரித்தான். சரியான அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரே கும்மாளமாகவும் இருந்தது.

அந்தக் கும்மாளம் முதல் பனி விழும் வரைக்கும்தான்.

இந்த ஊரில் வடக்கு பார்த்த வீடு என்றால் என்னவென்று வாங்கியவர்களுக்குத் தெரியும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே தாழ்வாகவே போகும். என் வீட்டு நிழல் என் டிரைவ்வே மேலேயே விழும். எதிர் வரிசைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். ஒரே பனி, ஒரே நாளில் இரண்டு பக்கமும் விழும். மத்தியானத்துக்குள் சேதுவின் பக்கம் சொட்டுச் சொட்டாக உருகி வடிந்துவிடும். என் பக்கம் மேலாக இளகி, சாயங்காலம் மறுபடி இறுகி, மறுநாள் கண்ணாடி போல் ஆகிவிடும். நான்கு மூட்டை உப்பைக் கொட்டினாலும் அசையாது. குபேரன் வந்திருந்தால்கூட என் டிரைவ்வேயில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டுதான் போயிருப்பான்.

மார்ச்சில்தான் இன்னும் கொடுமை. அவன் புல்தரையில் பழுப்பும் பச்சையுமாகத் தரை தெரியும். வேலியோரம் ஊதாவில் குட்டிக் குட்டிப் பூக்கள் எட்டிப் பார்க்கும், பிறகு மஞ்சள் டாஃபடில். இரண்டும் வீட்டைக் கட்டியவன் நட்டுவிட்டுப் போனவை, இரண்டு வீட்டுக்கும் நட்டிருந்தான். என்னுடையவை மூன்று வாரம் கழித்து, ஒரு மழையில் தலை சாய்ந்தபடியே வெளியே வரும். முதல் வெயில் நாளன்று, வெப்பம் ஐம்பது ஃபாரன்ஹீட்டைத் தொட்டதோ இல்லையோ, சேது ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வே நடுவில் வந்து உட்காருவான். வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் டம்ளர் காபி. தெருவே அங்கே கூடிவிடும். பிள்ளைகள் சாக்பீஸால் தரையெல்லாம் கோலம் மாதிரி கிறுக்குவார்கள். பக்கத்து வீட்டு ஃபிராங்க், எழுபது வயது கிழவர், தக்காளி விதை பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து அவனிடம் காட்டுவார். அந்த ஃபிராங்க்கைப் பற்றிச் சேது சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும்: "மார்ச்சையும் நம்பாதே, ஏப்ரலையும் நம்பாதே. ஃபிராங்க் சொன்னாத்தான் தக்காளி நடணும்." நான் அதே நேரத்தில் கம்பளிக் குல்லாயோடு ஐஸ் இடித்துக்கொண்டிருப்பேன். "வாடா மாப்ள, காபி சாப்ட்டுப் போ" என்று அங்கிருந்தே கத்துவான். கேட்காத மாதிரி இடிப்பேன்.

ஒரு வருடம் என் மகள் திவ்யா, அப்போது அவளுக்கு ஐந்து வயது, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றவள் திரும்பி, "டாட், ஒய் டோன்ட் வீ ஹேவ் ஸ்பிரிங்?" என்று கேட்டாள். தெருவுக்கு எதிர்ப் பக்கம் வசந்த காலம் வந்துவிட்டது, நம் பக்கம் ஏன் வரவில்லை என்று. குழந்தை கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் சுரீர் என்றது. "வரும், போய் ஹோம்வர்க் பண்ணு" என்று எரிந்து விழுந்தேன். கிண்டர்கார்ட்டன் பிள்ளைக்கு என்ன ஹோம்வர்க் என்று சரசு உள்ளேயிருந்து கேட்டாள்.

இதில் இன்னொன்று. பனி விழுந்து ஓய்ந்தால், கூப்பிடாமலேயே சேது என் வீட்டுக்கு வந்துவிடுவான். கையில் நீளக் கைப்பிடியும் நுனியில் தட்டையான இரும்புமாக, ஐஸ் உடைக்கிற ஒரு ஆயுதம். அவன் அதைக் கடப்பாரை என்பான். தன் பக்கத்தை வெயிலிடம் விட்டுவிட்டு, என் பக்கத்தை ஓரத்திலிருந்து ஒழுங்காகப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டே வருவான். பத்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒரு தடவை காய்ச்சலோடு வந்தான். வசந்தா பின்னாலேயே ஸ்கார்ஃபோடு ஓடி வந்தாள். உங்களில் சிலர் இதைப் பார்த்திருக்கிறீர்கள். "சேது மாதிரி ஒரு ஃபிரெண்ட் கிடைக்கறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும் சார்" என்று சங்கத்தில் என்னிடமே எத்தனை பேர் சொன்னீர்கள்! ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன்: வெயிலும் அவனுக்கு, ஐஸ் உடைத்த பேரும் அவனுக்கா?

ஒரு பிப்ரவரியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏன்டா, உனக்கு வேற வேலையே இல்லையா? ஊர் பாக்கணும்னுதான வந்து நிக்கற?" சேதுவின் கை அப்படியே நின்றது. முகம் வாடிப்போனது. மறுபடி இடித்தான். வேலை முடித்து, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் மறுபடி இறுகும், உப்பு போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

தொண்ணூற்றாறாம் வருடம் மார்ச்சில் அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். சேதுவின் வேலை போயிற்று. செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை எழுதிவிடுகிறேன்: அப்பா சொன்னது சரிதான். அதைத் தொடர்ந்து ஓர் ஓரத்தில் இனிப்பாக ஏதோ ஊறியது. உடனே வெட்கப்பட்டேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் ஊறியது அதுதான்.

வேலை போனவன் மூலையில் உட்காருவான் என்று பார்த்தால், அவனா உட்காருவான்! காலையில் பயோடேட்டாக்களை அனுப்பிவிட்டு, மத்தியானம் பள்ளிக்கூட பஸ் வரும் நேரத்துக்குத் தெருப் பிள்ளைகளோடு டிரைவ்வேக்கு வந்துவிடுவான். திவ்யாவுக்கு அப்போது ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தேன். நம் பக்கம் ஐஸ் போகட்டும், நான் கற்றுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த மறுநாள், ஆபீஸிலிருந்து வந்தால் இன்னும் வெளிச்சம் இருந்தது. காரைத் தெருமுனையில் திருப்புகிறேன், எதிரே திவ்யா சைக்கிளில் தனியாக வருகிறாள். பின்னால் சேது, பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறான். "விட்டுட்டேன்டா கண்ணு, நீயேதான் ஓட்டற!" என்கிறான். அவள், எங்களிடம் தமிழே பேசாத பெண், "பாத்தீங்களா அங்கிள், பாத்தீங்களா!" என்று கத்துகிறாள். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைக் குத்தலாம் போலிருந்தது. அதைக் கற்றுத் தர வேண்டியவன் நான். அந்தக் கையை விட வேண்டியவன் நான். என் டிரைவ்வேயில் அன்றைக்கும் கணுக்கால் உயரத்துக்கு ஐஸ் கிடந்தது.

அந்த வாரக் கடைசியில் சங்கத்தின் சித்திரை விருந்து, நாம் வழக்கமாகக் கூடுகிற பள்ளிக்கூட கேன்டீனில். பாயசத்துக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு நண்பர், "பாவம் சார் சேது, எவ்வளவு நல்ல மனுஷன், அவருக்குப் போய் இப்படி ஆச்சே" என்றார். நான் சொன்னேன்: "தெற்கு வாசல் வீடு சார் அது. எமன் திசை. வாங்கும்போதே சொன்னேன், கேக்கல."

வாங்கும்போதே சொன்னேனாம். நான் எங்கே சொன்னேன்? அவன் வருவதற்குள் கையெழுத்துப் போட்டு, பொய்யும் சொன்னவன் நான். கையில் பாயசக் கிண்ணத்தோடு அதைச் சொன்னேன். நண்பர் தன் மனைவியிடம் சொல்லியிருப்பார். பந்தி முடிவதற்குள் அது நான்கு மேசை தாண்டிப் போய்விட்டது. யாரையும் குறை சொல்லவில்லை, கொளுத்திப் போட்டவன் நான்தான்.

அது வசந்தாவின் காதுக்கும் போயிற்று. ஒரு மாதம் அவள் முகமே சரியில்லை. வாசல் நிலைக்கு மேல் ஆஞ்சநேயர் படம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று சேதுவிடம் அழுதிருக்கிறாள். ஒருநாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்தே அந்தப் பேச்சு வந்தது. "எல்லாரும் சொல்றாங்கண்ணா, நீங்களாவது இவர்கிட்ட சொல்லுங்க" என்று என்னையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். சேது சிரித்தான். "அடி போடி. நான் பொறந்து வளந்ததே மதுரை தெற்குவாசல்ல. அங்க இருக்கறவன்லாம் செத்தா போயிட்டான்? கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, புரோட்டா தின்னுக்கிட்டு நல்லாத்தான் இருக்கான்." வசந்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேச்சை ஆரம்பித்தது நான்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த அடுப்பு. ஜூலையில் அவனுக்கு முன்னைவிட நல்ல வேலை கிடைத்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கடைசி நாள். போன மாதம் கலிபோர்னியா கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வழக்கம்போலக் கடப்பாரையோடு வந்தான். பாதி டிரைவ்வே முடிந்ததும் நின்றான். குல்லாயைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். பத்து வருஷமா தொண்டைல நிக்குது."

"சொல்லேன்."

"அன்னிக்கு வீடு பாக்க வந்தோம்ல. நீ இந்த வீட்டை எடுத்துட்டேன்னதும் எனக்கு உள்ள ஒரே குஷி. பஃபலோல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவன்டா நான். வடக்கு பாத்த டிரைவ்வேன்னா ஏப்ரல் வரைக்கும் ஐஸ் போகாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அன்னிக்கே மாத்தியிருப்ப. சொல்லல. கமுக்கமா இருந்துட்டேன்." மூச்சு வாங்கினான். "அந்தக் குத்தம்தான்டா ஒவ்வொரு ஸ்னோவுக்கும் என்னை இங்க இழுத்துட்டு வருது. ஊருக்குக் காட்ட வர்றேன்னு ஒருதடவை திட்டின பாரு, நல்லாத் திட்டுன்னு இருந்துச்சு. மன்னிச்சிருடா."

இதுதான் நேரம். நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் ஒன்பது மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டேன், மாற்ற முடியாது என்றது பொய், உன் வீட்டை எமன் வீடு என்று ஊரெல்லாம் பரப்பியதும் நான்தான் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள், பத்து வருடத்தில் முதல்முறையாக அவன் கீழேயும் நான் மேலேயும் நிற்கிறோம் என்று புரிந்தது. அந்த ருசி என்னை விடவில்லை. அவன் தோளில் கையை வைத்தேன். "விடுறா. இதையெல்லாம் போய்ப் பெருசா வச்சுக்கிட்டு. நான் மன்னிச்சாச்சு" என்றேன், மகான் மாதிரி.

சேதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் மனசு யாருக்கும் வராதுடா மாப்ள" என்றான்.

மீதி டிரைவ்வேயை விசிலடித்துக்கொண்டே உடைத்து முடித்தான். போகும்போது கடப்பாரையை என் கராஜ் சுவரில் சாய்த்துவிட்டு, "இங்கயே கெடக்கட்டும், தூக்கிட்டு அலையறேன் பத்து வருஷமா" என்றான். தெருவைத் தாண்டும்போது நடை கொஞ்சம் துள்ளலாக இருந்தது. அவனை அதற்குப் பிறகு நான் உயிரோடு பார்க்கவில்லை. அவன் இறந்த செய்தி வந்தபோது என் கையில் இருந்தது அந்தக் கடப்பாரைதான்.

காரியமெல்லாம் பிளசன்டனிலேயே முடிந்தது. நானும் சரசுவும் போய் வந்தோம். ஏப்ரலில் வசந்தா திரும்பி வந்ததும் நீங்கள் பலரும் துக்கம் கேட்கப் போனீர்கள். நானும் அங்கே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சமையலறைப் பக்கம் யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "முதல்ல வேலை போச்சு, இப்ப ஆளே போயாச்சு. தெற்கு வாசல்னு அப்பவே சொன்னாங்களாமே." எனக்குக் கேட்டது வசந்தாவுக்கும் கேட்டது. மறுநாள் காலையில் வந்து, "வீட்டை வித்துடறேண்ணா. அருணும் காலேஜ்ல இருக்கான். நான் நாத்தனார் வீட்டுப் பக்கமே போயிடறேன். இந்த வீடுதான் அவரைக் கொண்டு போச்சு. அன்னிக்கு நான் சொன்னப்பவே வித்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பார்" என்றாள். தன் பேரிலும் அவன் பேரிலும் பழியைப் போட்டுக்கொண்டு அழுதாள். பத்து வருடம் அவன் ஆசையாக உட்கார்ந்த அந்த டிரைவ்வே அவளுக்கு இப்போது கொலைகாரனாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் ஒரு கிண்ணம் பாயசத்தோடு நான் சொன்ன ஒரு வாக்கியம்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தெருவிலேயே நல்ல வீடு அதுதான். அதைத் தெரிந்துதான் சேது எடுத்தான், எடுத்த பத்து வருடமும் அதில் சந்தோஷமாக இருந்தான். அவன் அப்பாவும் ஐம்பதுக்குள் இதே மாதிரிதான் போனார், அவர் இருந்தது கிழக்கு பார்த்த வீட்டில். அந்த வீட்டில் கோளாறு என்று ஏதாவது இருந்தால் அது எதிர் வீட்டு ஜன்னலில் இருந்தது.

இதுவரை எழுதியதை நேற்று வசந்தாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவள் சரி என்றால்தான் மலருக்கு என்று முடிவு செய்திருந்தேன். பாயசம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முடித்தபின் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். கதவைக் காட்டி வெளியே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"அந்தக் கடப்பாரை இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"என் கராஜ்லதான்."

"அங்கயே இருக்கட்டும். எங்க பக்கம் அதுக்கு வேலையில்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "தக்காளி எப்ப நடணும்னு ஃபிராங்க்கைக் கேட்டுச் சொல்லுங்க. மலருக்குக் குடுத்துடுங்க. ஒரு வரிகூட எடுக்காதீங்க." அண்ணா என்று கூப்பிடவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்று காலையில் கொஞ்சமாகப் பனி தூவியது, ஏப்ரல் பாதி தாண்டிய பிறகும். பத்து மணிக்கெல்லாம் எதிர்ப் பக்கம் காய்ந்துவிட்டது. என் பக்கம் வெள்ளையாக அப்படியே கிடக்கிறது. நான் கடப்பாரையை எடுக்கவில்லை. சேதுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், திவ்யா சைக்கிளில் டிரைவ்வே சரிவில் இறங்கும்போதெல்லாம் தன்னையறியாமல் சொல்கிற "பாத்தீங்களா அங்கிள்" என்ற தமிழும்தான்.

அவன் மேல் எனக்கு இன்னமும் பொறாமை போகவில்லை. வெயிலுக்காக இல்லை. அவன் தன் குற்றத்தைச் சொன்னபோது கேட்பதற்கு எதிரே நான் நின்றேன். மன்னித்தேன் என்ற சொல்லைக் கேட்டு, விசிலடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனான். நான் அவனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.